தலைச்சுற்றலுக்கு அக்குபங்சர்: ‘நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குணம்’ என்ற ஆய்வுகளை நம்பலாமா?

திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு 62 வயது. சில மாதங்களாகத் தலைச்சுற்றல். கட்டிலில் வலது பக்கம் புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறதாம், கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறதாம். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஒரு மருத்துவர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். மதுரையில் ஓர் அக்குபங்சர் மையத்தில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமானதாகச் சீன ஆய்வுகள் இருக்கின்றன என்று சில தாள்களைக் காட்டியிருக்கிறார்கள். அவற்றை நம்பி அம்மாவை அழைத்துப் போகலாமா என்பது கேள்வி.

அக்குபங்சர் என்பது உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன வைத்தியம். அந்த ஊசியால் தலைச்சுற்றல் குறையவும் செய்யலாம், குறையாமலும் போகலாம். அந்த மாதிரித் தாள்களை வைத்து இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவது என் வேலை. தலைச்சுற்றலுக்கான அக்குபங்சர் ஆய்வுகளை அந்த வகுப்பில் நிறையப் படித்திருக்கிறோம். பெரும்பாலானவற்றில் உள்ள குறை ஒன்றுதான்: என்ன செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பதை எழுதவே இல்லை. எழுதாததை நாமாக நல்லபடியாக நினைத்துக்கொள்ளவும் கூடாது, கெட்டபடியாக நினைத்துக்கொள்ளவும் கூடாது.

முதலில் நோயிலிருந்து தொடங்குகிறேன். தலைச்சுற்றல் ஒரே நோய் அல்ல. உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி விழுந்தால் படுக்கும்போதும் புரளும்போதும் சுற்றும். இதைச் சுருக்கமாக பிபிபிவி என்பார்கள். உட்காதில் நீர் அழுத்தம் கூடுவதால் வரும் மெனியர் நோயில் காது இரைச்சலும் காது மந்தமும் சேர்ந்து வரும். காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பு வீங்கினால் நாள் கணக்கில் நிற்காமல் சுற்றும். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலருக்குத் தலைவலி இல்லாமலே சுற்றல் வரும். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் போவது தடைபட்டாலும் சுற்றும், அது பக்கவாதம். இத்தனையையும் ‘தலைச்சுற்றல் நோயாளிகள் 80 பேர்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அதில் இத்தனை சதவீதம் குணம் என்றால் அந்த எண்ணை யாருக்குப் பொருத்துவது?

இன்னொன்று, இந்த ஆய்வுகளில் பெரும் பங்கு ‘கழுத்து சார்ந்த தலைச்சுற்றல்’ என்ற பெயரில் வருகிறது. அப்படி ஒரு நோய் தனியாக உண்டா என்பதே காது, நரம்பு மருத்துவர்களுக்குள் இன்னும் தீராத விவாதம். அறுபது வயதுக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்து கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், அநேகமாக எல்லோருக்கும் எலும்பு தேய்ந்துதான் இருக்கும். தேய்மானம் இருப்பது ஒரு பக்கம், அதுதான் சுற்றலுக்குக் காரணம் என்பது இன்னொரு பக்கம். எந்தப் பரிசோதனையை வைத்து அந்த முடிவுக்கு வந்தோம், எந்தெந்த நோயாளிகளைச் சேர்க்கவில்லை என்று கட்டுரை சொல்ல வேண்டும். பிபிபிவி இருக்கிறதா என்று படுக்க வைத்துப் பார்த்தோம் என்ற ஒரு வரிகூடப் பல கட்டுரைகளில் இருக்காது.

பிபிபிவி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். நரம்பு வீக்கத்தால் வரும் சுற்றலும் நாளடைவில் குறையும். அந்த மாதத்தில் எந்த வைத்தியம் செய்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். இதனால்தான் ஒப்பிட இன்னொரு குழு வேண்டும். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவும் வேண்டும்.

குலுக்கல் என்று எழுதுவது சுலபம். ‘60 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர், ஒவ்வொன்றிலும் 30 பேர்.’ இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் இது. இதற்கு மேல் ஒன்றும் இருக்காது. கணினியில் எண் வரிசை எடுத்தார்களா, வந்த வரிசையில் ஒன்று விட்டு ஒன்று போட்டார்களா, திங்கள் வந்தவர் ஊசிக்கு, செவ்வாய் வந்தவர் மாத்திரைக்கு என்று பிரித்தார்களா, தெரியாது. அதைவிட முக்கியம், அடுத்து வருபவர் எந்தக் குழு என்பது அவரைச் சேர்க்கும் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரியுமா என்பது. ஓபியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரை நினைத்துப் பாருங்கள். அடுத்த சீட்டு ஊசிக் குழு என்று அவருக்குத் தெரியும். எதிரே பல வருடச் சர்க்கரை நோயோடு, நடக்கவே தடுமாறும் ஒரு பாட்டி. ‘இவர் வேண்டாம், அடுத்தவரைச் சேர்ப்போம்’ என்று மனம் சொல்லும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, தன் வைத்தியத்தின் மேல் உள்ள பாசமே போதும். அதைத் தடுக்கத்தான் வரிசை எண் போட்ட, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே இருப்பது தெரியாத, ஒட்டிய உறைகள். நோயாளி சம்மதக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும். இப்போது பெரிய ஆய்வுகளில் தொலைபேசியிலோ கணினியிலோ வேறு ஊரில் உள்ள ஒருவர் குழுவைச் சொல்வார்.

இது சடங்குக்காகச் சொல்வது இல்லை. 1995-ல் கென்னத் ஷுல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் பேறுகால மருத்துவத்தில் நடந்த 250 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். குழு ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காத ஆய்வுகள், ஒழுங்காக மறைத்த ஆய்வுகளைவிட மருந்தின் பலனைச் சராசரியாக 41 சதவீதம் கூட்டிக் காட்டின. மறைத்தார்களா இல்லையா என்றே தெளிவாக எழுதாதவை 30 சதவீதம் கூட்டிக் காட்டின. அக்குபங்சருக்குச் சம்பந்தமே இல்லாத துறை அது. அங்கேயே இப்படி என்றால், ஊசி போடுபவரே நோயாளியைச் சேர்த்து, அவரே கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் ஆய்வுகளில் எவ்வளவு இருக்கும்?

சரி, எழுதத்தான் விட்டுவிட்டார்கள், செய்தது ஒழுங்காகத்தான் இருக்கும் என்று சிலர் வாதாடுவார்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீன இதழ்களில் குலுக்கல் முறை ஆய்வு என்று வந்த கட்டுரைகளை எழுதியவர்களைத் தொலைபேசியில் பிடித்து, ‘எப்படிப் பிரித்தீர்கள், சொல்லுங்கள்’ என்று சீன ஆய்வாளர்களே கேட்டார்கள். 2009-ல் முடிவு வெளியானது. உண்மையான குலுக்கல் என்று ஒப்புக்கொள்ளக் கூடியது ஏறத்தாழ 7 சதவீதம்தான். மற்றவர்களில் பலருக்குக் குலுக்கல் என்றால் என்ன என்பதிலேயே தெளிவில்லை. இதற்கு முன்பே, 1998-ல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு உலகெங்கும் வந்த அக்குபங்சர் ஆய்வுகளை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தது. சீனாவிலிருந்து வந்தவற்றில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. எந்த வைத்தியத்தையும் நேர்மையாகச் சோதித்தால் நடுநடுவே தோல்வியும் வந்தே தீரும். தோல்வியே இல்லை என்றால் தோற்றவை அச்சுக்கு வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. இங்கேதான் மதுரைக்காரர்கள் ரொம்பக் கவனிக்க வேண்டும். ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க, ஊசி போலவே இருக்கும் பொய் ஊசி வேண்டும். 1998-ல் ஜெர்மனியில் ஸ்ட்ரைட்பெர்கர் அப்படி ஒன்றை வெளியிட்டார். முனை மழுங்கலாக இருக்கும். தோலில் பட்டதும் கம்பி கைப்பிடிக்குள் ஏறிக்கொள்ளும். நோயாளிக்கு லேசாகக் குத்திய உணர்வு வரும், பார்த்தால் உள்ளே இறங்கியதாகவே தோன்றும். ஆனால் தோலைத் துளைக்காது. தலைச்சுற்றல் ஆய்வுகளில் பெரும்பாலானவை இதையெல்லாம் தொடுவதே இல்லை. ஒரு குழுவுக்கு ஊசி, இன்னொரு குழுவுக்கு, தலைச்சுற்றலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டின் மாதிரி மாத்திரை. இல்லையென்றால் ஊசியும் மாத்திரையும் ஒரு பக்கம், வெறும் மாத்திரை இன்னொரு பக்கம். தனக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது என்று நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும்.

பொய் ஊசி இருந்தால் என்ன வித்தியாசம் வரும் என்பதற்கு இடுப்பு வலி ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். ஜெர்மனியில் 1,162 பேரை வைத்து நடந்து 2007-ல் வெளியானது. உண்மையான அக்குபங்சரில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்திய பொய் அக்குபங்சரில் 44.2. வழக்கமான வைத்தியத்தில் 27.4. மூன்று குழுக்களும் இருந்ததால்தான் இவ்வளவு தெளிவு. நடுக் குழுவை எடுத்துவிட்டுப் பார்த்தால், 47-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தக் குறிப்பிட்ட புள்ளிகளின் மகிமை என்று எழுதியிருப்பார்கள்.

நம் ஊர்ப் பக்கம் அக்குபங்சர் என்ற பலகை உள்ள பல இடங்களில் ஊசியே கிடையாது. நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியில் விரலால் தொடுவார்கள். ஹீலர்கள் செய்யும் தொடுசிகிச்சை அது. அதைப் பற்றி நல்லது கெட்டது எதையும் இங்கே சொல்ல வரவில்லை. ஆனால் சீன ஆய்வுகள் அதைச் சோதிக்கவில்லை. அவை பல புள்ளிகளில் ஊசியை இறக்கி, திருகி, அரை மணி நேரம் போல வைத்திருந்து எடுத்த ஆய்வுகள். நல்ல ஆய்வுகள் சிலவற்றில் தோலைத் தொடுவதோடு நிற்பதைத்தான் பொய் வைத்தியமாக வைக்கிறார்கள். ஆகவே உங்கள் அம்மா போகவிருக்கும் இடத்தில் ஊசியா, தொடுதலா என்று முதலில் கேளுங்கள். தொடுதல் என்றால் அந்தத் தாள்கள் அவர்கள் வைத்தியத்துக்குச் சான்றே ஆகாது.

இனி அந்தத் ‘தொண்ணூறு சதவீதம்’. பல கட்டுரைகளில் நோயாளிகளை நான்காகப் பிரிப்பார்கள்: குணம், நல்ல முன்னேற்றம், ஓரளவு முன்னேற்றம், பலனில்லை. முதல் மூன்றையும் கூட்டி ‘மொத்தப் பலன் விகிதம்’ என்று ஓர் எண் போடுவார்கள். கொஞ்சம் தேவலை என்று ஒருவர் சொன்னாலும் அவர் அந்தத் தொண்ணூறில் சேர்ந்துவிடுவார். முழுக் குணமும் ஓரளவு முன்னேற்றமும் ஒரே கூடையில். இதற்குப் பதில் தலைச்சுற்றலால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் 25 கேள்விகள் கொண்ட ஒரு கேள்வித்தாள் 1990 முதலே இருக்கிறது. டிஹெச்ஐ என்பார்கள், பூஜ்யம் முதல் 100 வரை மதிப்பெண். மேலே பார்த்தால் சுற்றுகிறதா, படுக்கவும் எழவும் சிரமமா, வெளியே தனியாகப் போகப் பயமா என்றெல்லாம் கேட்கும். எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் இதைக் கேட்டுப் பதிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டம் கூடியது என்று டாப்ளர் ஸ்கேன் கணக்கை மட்டும் காட்டும் கட்டுரைகளும் உண்டு. ரத்த ஓட்ட எண் மாறியதா என்பதைவிட அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போக முடிகிறதா என்பதுதான் நமக்கு வேண்டும்.

இதையெல்லாம் எழுதியே ஆக வேண்டும் என்று பொது நெறிகள் இருக்கின்றன. எல்லாக் குலுக்கல் முறை ஆய்வுகளுக்கும் ‘கன்சார்ட்’ என்ற பட்டியல். 1996-ல் வந்து, 2001, 2010, 2025-ல் திருத்தப்பட்டது. இப்போது 30 அம்சங்கள். அக்குபங்சருக்கென்று ‘ஸ்ட்ரிக்டா’ 2001-ல் தொடங்கி, 2010-ல் கன்சார்ட்டின் நீட்சியாகத் திருத்தி வெளியானது. ஆறு தலைப்புகள், அவற்றுக்குள் 17 உட்பிரிவுகள். எந்த மரபு அக்குபங்சர், எந்தப் புள்ளிகள், ஒரு பக்கமா இரு பக்கமா, எத்தனை ஊசி, எவ்வளவு ஆழம், ஊசியின் தடிமன், நீளம், எவ்வளவு நேரம் வைத்தார்கள், ஊசி இறங்கிய இடத்தில் மரத்துக் கனக்கும் உணர்வை எதிர்பார்த்தார்களா, கையால் திருகினார்களா மின்சாரம் கொடுத்தார்களா, எத்தனை தடவை, கூடவே வேறென்ன வைத்தியம், ஊசி போட்டவருக்கு என்ன பயிற்சி, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள், இவ்வளவும் வேண்டும்.

புள்ளிகளின் பெயர் பெரும்பாலும் இருக்கும். உச்சந்தலையில் பாய்ஹுய், பிடரியில் மண்டையோடு முடியும் இடத்தில் ஃபெங்ச்சி, மணிக்கட்டின் உட்பக்கம் நெய்குவான். ஆழமும் திசையும் விட்டுப்போகும். போட்டவரின் பயிற்சி அநேகமாக விட்டுப்போகும். மாட்டுத்தாவணியில் இறங்கிக் கொஞ்ச தூரம் போங்கள், வீடு வந்துவிடும் என்று வெளியூர்க்காரருக்கு வழி சொல்வது மாதிரிதான். ஃபெங்ச்சியில் இது வெறும் எழுத்துக் குறை மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் ஆழத்தில் முகுளமும் முதுகெலும்புத் தமனியும் இருக்கின்றன. திசை தப்பி ஆழமாக இறங்கினால் ஆபத்து. கட்டுரையைப் படித்துவிட்டு அப்படியே செய்ய நினைக்கும் ஒருவருக்கு எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் சாய்த்து என்று சொல்லாமல் விடுவது சரியே இல்லை. பக்கவிளைவு எதுவும் எழுதாத கட்டுரைகளும் நிறைய. ‘எதுவும் நேரவில்லை’ என்று எழுதியிருந்தால் அது ஒரு தகவல். ஒன்றுமே எழுதவில்லை என்றால் யாரும் கேட்கவில்லை என்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு ஒழுங்காக எழுதுவது நடக்கிற காரியமா என்று மாணவர்கள் கேட்பார்கள். நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. வயலில் வேலை பார்ப்பவர்களுக்குக் கண்ணில் இலையோ தூசியோ பட்டுப் பூஞ்சைப் புண் வருவது இந்தப் பக்கம் சகஜம். அதற்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் வேறு கிளைகளும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்தன. 2013-ல் வெளியானது. 940 பேரைப் பரிசோதித்து 323 பேரைச் சேர்த்தார்கள் என்று தொடங்கி, எந்தப் பூஞ்சை எத்தனை பேருக்கு என்பது வரை கட்டுரையில் இருக்கிறது. புதிய, விலை கூடிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டாமைசினே மேல் என்று முடிவு வந்தது. புதியதுதான் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும் அந்த முடிவை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மோசமாக எழுதிய ஆய்வெல்லாம் மோசமாகச் செய்த ஆய்வு ஆகிவிடாது. கட்டுரைக்கு இரண்டு மூன்று பக்கம்தான் என்று கட்டுப்பாடு வைக்கும் இதழ்கள் உண்டு. இதே குறைகள் அலோபதி ஆய்வுகளிலும் ஏராளம், நம் மாணவர்களின் முதுநிலை ஆய்வேடுகளிலும் உண்டு. இந்திய அரசு 2019-ல் அக்குபங்சரைத் தனி வைத்திய முறையாக அங்கீகரித்திருக்கிறது. அங்கீகாரம் வந்த பிறகு பொறுப்பும் கூடுகிறது. இங்குள்ள அக்குபங்சர் மருத்துவர்கள் சீனத் தாள்களைக் காட்டுவதை விட்டுவிட்டு ஒரு நல்ல ஆய்வைத் தாங்களே நடத்தலாம். பிபிபிவி-யில் துகள்களை இடம் மாற்றிச் சுற்றல் நின்ற பிறகும் சிலருக்கு நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஒரு தள்ளாட்டம் மிச்சமிருக்கும். அதற்கு நல்ல மருந்து இல்லை. அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு ஊசி, இன்னொன்றுக்குப் பொய் ஊசி, டிஹெச்ஐ மதிப்பெண். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சிடிஆர்ஐ-யில் பதிந்துவிட வேண்டும். 2007 முதல் இருக்கிறது, கட்டணம் கிடையாது. எதை அளக்கப் போகிறோம் என்று அங்கே எழுதிவிட்டால் பிறகு வசதிக்கு ஏற்றபடி யாருக்கும் தெரியாமல் மாற்ற முடியாது. முடிவு எப்படி வந்தாலும் நான் வகுப்பில் வைத்துப் பாடம் எடுப்பேன்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். புரளும்போது சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால் முதலில் பிபிபிவி-யைத்தான் சந்தேகிக்க வேண்டும். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டு கண்களைப் பார்ப்பார். துகள் இருந்தால் சில நொடி கழித்துக் கருவிழி சுழன்று துடிக்கும். டிக்ஸ்-ஹால்பைக் பரிசோதனை என்று பெயர், 1952 முதல் இருக்கிறது. அப்படித் தெரிந்தால், தலையைப் படிப்படியாக மறுபக்கம் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் போல வைத்திருந்து, கடைசியில் எழுப்பி உட்கார வைப்பார்கள். எப்ளி முறை. ஊசி, மருந்து எதுவும் இல்லை, ஐந்து நிமிடம் ஆகும், பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு தடவையில் நின்றுவிடும். கழுத்தில் வலியோ பழைய அடியோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மதுரை பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சுற்றலோடு பேச்சு குழறினாலோ, எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டாலோ எந்த வைத்தியத்துக்கும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்.

கழுத்துத் தேய்மானம் என்று சொன்ன மருத்துவர் அம்மாவைப் படுக்க வைத்துக் கண்களைப் பார்த்தாரா என்று அம்மாவிடமே கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அக்குபங்சர் மையத்துக்குப் போகும் முன் அதை முடித்துவிட்டு, என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். அந்தத் தாள்களின் நகலும் கிடைத்தால் அனுப்புங்கள், ஸ்ட்ரிக்டா பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.